ஓடும் ரயிலின் நீளம்

சார்புக் கொள்கை விடைத்தாள் ஒன்றில் இயற்பியல் பேராசிரியர் பெரிய பூஜ்யமாகப் போட்டார்.

“பாவம், ஏங்க?” என்றாள் மனைவி.

“ஓடற ரயிலை அளக்கச் சொன்னா, முன்முனையைக் குறிச்சுட்டு, சாவகாசமா வந்து பின்முனையைக் குறிக்கிறான். ரெண்டையும் ஒரே நேரத்துல குறிக்கணும்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். மரமண்டை.”

“அதை விடுங்க. நம்ம பையன் போன மாசத்தைவிட ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கான். எனக்குச் சாப்பாடே இறங்கலை. டாக்டர்கிட்ட போலாம்.”

“பிள்ளை குறையுமா? எந்த மரமண்டை அளந்தது?”

“நீங்கதான். தலைமாட்டுல தரையில கோடு போட்டீங்க. கால்மாட்டுக்கு வர்றதுக்குள்ள அவன் முன்னாடி தவழ்ந்துட்டான். அங்க ஒரு கோடு போட்டீங்க.”

பேராசிரியர் எழுந்தார். இருவரும் பையனுக்கு ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கோடு போட்டார்கள். ஒரு அங்குலம் வளர்ந்திருந்தான்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். பேராசிரியர் மேஜைக்குத் திரும்பி, பூஜ்யத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு ஒன்றைச் சேர்த்தார்.