இன்னொரு தரப்பு

மலைரோட்டு வளைவுச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாயி கையில் குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது.

கொல்லிமலையில் அவர்கள் ஊருக்குக் கிட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது இந்தக் கொண்டை ஊசி வளைவில் மட்டும்தான். ஹைகோர்ட் இன்று போன் வழியாக இங்கேதான் வந்தாக வேண்டும்.

“ஒரு வாய் தின்னு கண்ணு. தெம்பாப் பேசோணுமில்ல.”

தூக்குப்போசியிலிருந்து சாமைச் சோற்றை உருட்டி நீட்டினாள். ராதிகா வேண்டாமென்று தலையைத் திருப்பினாள். உருண்டை அங்கேயே நின்றது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

கண்ணாயி எப்போதும் ராதிகாவுக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். ராதிகாவின் இடது காது, வாங்கிய அடியில் போய்விட்டது.

போன தை மாதம் நடந்தது அது. முகத்தில் ரத்தம் காய்ந்து நின்றவளைக் கைப்பிடித்து பஸ் ஏற்றி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவளும் கண்ணாயிதான். பொழுது சாயும்வரை இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். புகாரை வாங்கவில்லை. போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சந்தையிலேயே, அடித்தவன் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான். ராதிகாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

புகாரை வாங்காத அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்று சென்னை வக்கீல் அருள்மொழி சொன்னபோது ராதிகா பயந்தாள். போடுவோம் என்றது கண்ணாயிதான்.

போன் திரையில் நீதிபதி தெரிந்தார். அரசு வக்கீல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பிப் போனது.

நீதிபதி தமிழில் கேட்டார்: “ஸ்டேஷன்லயே ரெண்டு தரப்பும் சமாதானமாப் போயிட்டீங்கன்னு போலீஸ் சொல்றாங்களே. உண்மையாம்மா?”

கண்ணாயி அதை வலது காதில் திருப்பிச் சொன்னாள். ராதிகா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணாயி போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பொய்யுங்கய்யா. அவங்க சொல்ற இன்னொரு தரப்பு நாந்தானுங்க. இவ எம் மருமவ. அடிச்சவன் நான் பெத்த மவன். நாங்க சமாதானம் ஆவலீங்க.”

நீதிபதி அரசு வக்கீலின் பக்கம் திரும்பினார்.

பிறகு, இன்றைக்கே வழக்குப் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். புகாரை வாங்காத இன்ஸ்பெக்டர் அடுத்த விசாரணையில் நேரில் வந்து நிற்க வேண்டும் என்றார்.

திரை அணைந்தது. கண்ணாயி போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“பொழுது சாயறதுக்குள்ள அவனப் புடிச்சிருவாங்களா, சாமி?”

“புடிச்சிருவாங்க, அத்தை.”

கண்ணாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ராதிகா அந்தத் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மலையேறி வந்த பஸ் அவர்களைப் பார்த்து நின்றது. ராதிகா போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.