மேஸ்திரிக்கு ஆபரேஷன்

நாய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மேஸ்திரி என் காலடியில் படுத்திருக்கிறான். குடோனில் நாங்கள் மூட்டை தூக்க, அவன் படுத்தபடியே மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர் அது. சன்னல் வெயில் பட்டு அவனுடைய கிழிந்த காது சிவப்பாகத் தெரிகிறது. போன மாதம் ஒரு பெட்டை நாயின் பின்னால் போனவன், அந்தக் காதோடுதான் திரும்பி வந்தான். வரும்வரை கதவைத் திறந்து போட்டே படுத்திருந்தேன். "உனக்குத்தான் குடும்பம் இல்ல, அவனுக்கும் வேணாமா?" என்று குடோனில் கேலி செய்கிறார்கள். அது இப்போதும் காதுக்குள் கேட்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுகிறது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டே வருகிறார்.

"கருத்தடை பண்ணிடலாமா? இதான் சரியான வயசு. ஊர் சுத்துறது குறையும்."

அவன் தலையைத் தடவுகிறேன். "பண்ணிடுங்கம்மா."

"ராத்திரியிலேருந்து எதுவும் குடுக்கலையே?"

மேஸ்திரி வாலைத் தரையில் தட்டுகிறான். "காலையில பாதி ரொட்டி தின்னான்மா," என்கிறேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மயக்க ஊசி போட்டா வாந்தி எடுப்பான். யாரு குடுத்தது?"

"நான்தான். அவன் பாத்துக்கிட்டே இருக்கான், நான் மட்டும் எப்படிம்மா திங்கிறது?"

"வேற யார்கிட்டயாவது விட்டுட்டுச் சாப்பிடக் கூடாதா?"

"யாரும் இல்லம்மா."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றுகிறார். "சரி, திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அன்னைக்காவது வெறும் வயித்தோட வரணும்."

"வர்றோம்மா," என்கிறேன். "ரெண்டு பேருமே."