தூணுக்கான தண்ணீர்

உசிலம்பட்டி சாலையில், ஓடைப் பாலத்தின் அடியில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. வெடித்துப்போன தூணின் சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று. உள்ளேயிருந்த கம்பிகள் துருவேறிப் பென்சில் கனத்துக்கு இளைத்து நிற்கின்றன. அவற்றைத் தேய்த்து முடித்த கொத்தனார் கருத்தக்கண்ணன், சித்தாள் இருளாயி கொண்டுவந்த குடத்தில் விரலை நனைத்து நாக்கில் வைக்கிறார். உப்புக் கரிக்கிறது.

"நல்ல தண்ணி லாரி வரலையா?"

"வரலண்ணே. பக்கத்துக் கெணத்துலயே எறைக்கச் சொல்லிட்டாரு காண்ட்ராக்டரு."

மேலே குடையோடு நிற்கும் காண்ட்ராக்டர் எட்டிப் பார்க்கிறார். "என்னய்யா, கலவையப் போடு!"

"முன்னாடி இந்தத் தண்ணிய ஊத்திக் கட்டித்தான் சார் கம்பி இம்புட்டும் இத்துப்போச்சு. நான் பூச மாட்டேன்."

"அப்ப நீ கெளம்பு. வேற ஆளு பூசுவான். ஏம்மா, நீ ஊத்து!"

தலைக்கு மேல் ஒரு டவுன் பஸ் ஊர்ந்து போகிறது. பாலம் அதிர, கருத்தக்கண்ணனின் தோளில் காரைத்தூள் உதிர்கிறது. படிக்கட்டில் தொங்குபவர்களின் சிரிப்பு கீழே வரை கேட்கிறது. அந்தச் சத்தம் ஓயும்வரை இருளாயி அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு கலவைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குடத்தை ஓடை மணலில் கவிழ்க்கிறாள்.