கட்டியின் ஓரம்

"மார்ச் 11, செவ்வாய். நாக்குப் புற்றுக் கட்டியைப் படமெடுக்கச் சொன்னார்கள். கட்டியை மட்டும் எடுத்தேன், சுற்றியுள்ள சதையை விட்டுவிட்டேன். தவறு என்னுடையதுதான்." மாலை வகுப்புக்குக் கிளம்ப இன்னும் அரைமணி இருக்கிறது. நாட்குறிப்பை மூடிவிட்டு, ஆய்வகத்துப் பெண் மறுபடி நுண்ணோக்கியில் குனிகிறாள். ஜன்னல் வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது; காற்றில், சதைத் துண்டுகளைப் பதிக்க உருக்கிய மெழுகின் வாசனை. நுண்ணோக்கியடியில் இருக்கும் சதை ஒரு பாட்டு டீச்சரின் நாக்கிலிருந்து எடுத்தது. புற்று நாக்கைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்த்து, நாக்கோடு கழுத்திலும் கத்தி வைப்பதா என்று நாளைக் காலை டாக்டர்கள் முடிவு செய்யப்போகிறார்கள்.

"கல்யாண போட்டோவுல மாப்பிள்ளைய மட்டும் எடுத்துட்டு வந்திருக்கியேடி," என்கிறாள் பக்கத்து மேசைத் தோழி, கண்ணாடித் துண்டுகளைத் துடைத்தபடி. "சுத்தி ஊரே நிக்குது."

"தெரியுது, சும்மா இரு."

ஊர் நிற்கத்தான் செய்கிறது. கட்டியைச் சுற்றி இளஞ்சிவப்பு நார்கள் நெருக்கமாக வளைந்திருக்கின்றன. எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் நீலப் புள்ளிகளாகக் குவிந்திருக்கின்றன. அவள் சதை ஒட்டிய கண்ணாடித் துண்டை மயிரிழை நகர்த்துகிறாள். ஓரிடத்தில் மட்டும் நார்கள் சீப்பால் வாரியதுபோல் வெளிப்பக்கம் நேராகப் படுத்திருக்கின்றன. அந்தப் பாதையில், கட்டியை விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும் புற்றுச் செல்கள்.

"இங்க வந்து பாரேன். வெளிய போறது நாலு செல்தானே? நான் தப்பா எண்ணலையே?"

தோழி குனிகிறாள். இந்தமுறை கிண்டல் வரவில்லை. "நாலுதான்டி."

கேமரா மெல்லச் சொடுக்குகிறது. அவள் நாட்குறிப்பைத் திறந்து எழுதுகிறாள்: "நாளை எட்டு மணிக்குள் ஓரத்துப் படத்தை டாக்டர் மேசையில், மற்றப் படங்களுக்கு மேலே வைக்க வேண்டும்."