தூசிப் பையில் இரண்டு சுருள்

கல்லில் தீட்டினால்தான் கத்திக்கு உயிர் வரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார் ஜப்பானில் இனாமி ஊர் மரச்சிற்பி குவாபரா. அவருடைய கல் காய்ந்தே கிடந்தது. பின்னறையில் ஓடுவது கத்தி தீட்டும் உப்புத்தாள் மெஷின்.

"தாத்தா காலத்துக் கல்லு இன்னைக்கு ரொம்ப இரையுதே!" என்பாள் மனைவி சவாகோ.

முன்னறையில், கற்பூர மரத்தில் செதுக்கிய கருணைத் தேவி கன்னோனுக்குக் கண் மட்டும் பாக்கி. மறுநாள் கோயில்காரர்கள் வருகிறார்கள். கத்தி முனை உடைந்திருந்ததால் கால் மணி நேரம் மெஷினில் தீட்டினார்.

மெஷினின் தூசிப் பையைக் கொட்டப்போன சவாகோ கூப்பிட்டாள். "என்னங்க, இரும்புத்தூளையே காணோமே?"

பையில் கற்பூர மரச் சுருள்கள் கிடந்தன, ஈர வாசனையோடு. இரண்டே இரண்டு.

இருவரும் முன்னறைக்கு ஓடினார்கள். தேவி கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவாபரா தரையில் நெற்றி பட விழுந்தார்.

"மெஷின்லதான் தாயே தீட்டுறேன்" என்றார், யாரும் கேட்காமலே.