சிவப்புப் புள்ளி

செண்டுமல்லி முளைத்து, நாற்றில் இரண்டாவது ஜோடி இலை விட்டதும் பண்ணைக் கூரையில் இருக்கும் கேமரா அதை எடை போடும். தேறாத நாற்றின் மேல் சிவப்புப் புள்ளி விழும். நானும் பச்சையம்மாளும் அதை நகத்தால் கிள்ளிப் போடுவோம். யோசிக்கக் கூடாது. யோசித்தால் ஒரு நாளைக்கு நானூறு நாற்றுத் தட்டு முடிக்க முடியாது.

போன மாதத்திலிருந்து அந்தப் புள்ளி ஆட்கள் மேலும் விழுகிறது. விழுந்தவர்களுக்கு மறுநாள் கேட் திறப்பதில்லை. இருமிக்கொண்டே நாற்றுக்குத் தண்ணீர் தெளித்த மாதம்மாள்தான் முதலில் போனாள்.

எனக்கு மூன்று வாரமாக வலது கை நடுங்குகிறது. தட்டின் விளிம்பில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

“தட்டு என்னக்கா ஓடியா போயிடும்? இந்தப் பிடி பிடிக்கிற,” என்றாள் பச்சையம்மாள். அவளுக்கு ஐந்து மாதம். தொளதொள சட்டைக்குள் வயிற்றை மறைத்திருந்தாள்.

“வாய மூடிட்டுக் கிள்ளுடி.”

புள்ளி தட்டைத் தாண்டி எங்கள் பக்கம் நகர்ந்தது. எனக்குத்தான் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணெதிரே சிவப்பு நின்றது. என் விரல் தானாகப் போய்க் கிள்ளிவிட்டது.

“என்னை ஏங்க்கா கிள்ளுற?” என்று சிரித்தவள் தன் புறங்கையைப் பார்த்தாள். புள்ளி அங்கேதான் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அவள் கையை என் கையால் மூடினேன். புள்ளி இப்போது என் கைமேல். கை நடுங்கியது. எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

“எடுத்துடாதக்கா,” என்றாள் பச்சையம்மாள்.