இருபதாவது ஆள்

"அம்மா, டிப்ளமா வந்துடுச்சி. அந்தக் கண்ணு கட்டுரைக்கு ஏ கிரேடு. வெளிநாட்டுக் காலேஜ்ல சீட்டும் குடுத்துட்டாங்க."

ஆராயி உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டாள். மரக்காணம் உப்பளத்திலிருந்து சென்னைக்குப் போய், ஸ்காலர்ஷிப்பில் பிளஸ் டூவுக்குப் பதிலாக இன்டர்நேஷனல் டிப்ளமா படித்தவள் அவள் மகள் வினோதினி ஒருத்திதான்.

போன லீவில் உப்பளத்து ஆட்கள் இருபது பேரை நிறுத்தி, கண் சோதிக்கும் அட்டையில் ‘E’ எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிய கட்டுரை அது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் பத்தொன்பது பேர் கண்ணைக் கெடுத்திருந்தது. ஆராயி மட்டும் அத்தனையும் சரியாகச் சொன்னாள்.

"நீ கறுப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்றதாலதான் தப்பிச்சன்னு எழுதினேன். கட்டுரையே அதுலதான் நிக்குது. உன் கண்ணும் கெட்டிருந்தா, படிப்ப உட்டுட்டு வந்திருப்பேம்மா."

ஆராயி கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கினாள். முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"போட்டோவுல நல்லா சிரிச்சிக்கினு இருக்கற."

அதில் போட்டோவே இல்லை.

வினோதினி அம்மாவின் கண்ணையே பார்த்தாள். "அப்போ அந்த அட்டைய எப்படிம்மா சொன்ன?"

"அந்த லீவுல ஒரு வாரமா வூட்டுல நீதான சத்தமா சொல்லிப் பார்த்துக்கினு இருந்த. மேல, கீழ, வலது, மேல, இடது..."

கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.